தைரியம் கேட்காத உதவி

வார நாட்களில் காலையில் நான் கார் ஓட்டுகிறேன். சம்பளம் கிடையாது. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்களை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. ஒரு தொண்டு நிறுவனம் ஏற்பாடு செய்கிறது. நான் அதன் தன்னார்வலர்களில் ஒருவன். என் காரில் வருகிறவர்களில் பாதிக்கு மேல் மார்பகப் புற்றுநோய்க்காக ரேடியேஷனுக்குப் போகும் பெண்கள்.

சேரும்போது பயிற்சி கொடுத்தார்கள். வண்டி ஓட்டுவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. காருக்குள் வாசனைப் புட்டி எதுவும் தொங்கக் கூடாது. கீமோ எடுத்தவர்களுக்கு அந்த வாசனையே குமட்டலைக் கிளப்பிவிடும். அவர்களாகச் சொன்னால் ஒழிய எந்த ஸ்டேஜ் (நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒன்று முதல் நான்கு வரை போடும் கணக்கு) என்று கேட்கக் கூடாது. உங்கள் அத்தைக்கு வந்து குணமான கதையைச் சொல்லக் கூடாது. குணமாகாத கதையை மூச்சுவிடவே கூடாது. யாரோ அனுப்பிய வைத்தியத்தைச் சிபாரிசு செய்யக் கூடாது. கடைசியாக, "தைரியமா இருங்க" என்று சொல்லக் கூடாது. இதில் என்ன தப்பு என்று ஒருவர் கேட்டார். பயிற்சி கொடுத்த அம்மா, தானே இந்த நோயில் விழுந்து எழுந்தவர், "அவங்க உங்ககிட்ட கேட்டது வண்டி. நீங்க பதிலுக்கு அவங்ககிட்ட தைரியத்தைக் கேக்கறீங்க" என்றார்.

அந்த வரி மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு உதவுகிறோம் என்று உலகம் முழுக்க எத்தனையோ அமைப்புகள் இயங்குகின்றன. அவற்றின் கதைகளை வாசிக்க வாசிக்க, எதைப் படித்தாலும் இந்த ஒரு கேள்வியையே வைத்து உரசிப் பார்க்கிறேன்: இந்த உதவி, வாங்கிக்கொள்பவரிடம் பதிலுக்கு எதைக் கேட்கிறது? சிரித்த முகத்தையா, வெற்றிக் கதையையா, பழைய உருவத்தையா? ஒன்றும் கேட்காத உதவிதான் எனக்கு உசத்தி.

முதலில் என் பக்கத்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ரேடியேஷன் என்றால் இயந்திரம், கதிர், பயம் என்றுதான் வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். போகிறவர்களுக்கு அது பெரும்பாலும் பயணம். வாரத்துக்கு 5 நாள், பொதுவாக மூன்று வாரத்திலிருந்து ஐந்தாறு வாரம் வரை. மேஜையில் படுக்கவைத்து, உடம்பில் வைத்த புள்ளிகளை லேசர் கோட்டோடு பொருத்தி எடுப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும்; கதிர் பாய்வதோ சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்காகத் தினமும் ஒருவர் வேலையை விட்டுவிட்டுக் கூட வர வேண்டும். என் அக்காவுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் கார் இருந்தது, ஓட்டத் தெரிந்தவர்களும் இருந்தோம். முதல் வாரம் போட்டி போட்டுக்கொண்டு கூட்டிப்போனோம். மூன்றாவது வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஆபீஸில் ஏதோ ஒன்று. அத்தான் மட்டும் மிச்சம். வண்டியும் ஆளும் இருந்த வீட்டிலேயே இந்தக் கதை என்றால், தனியாக இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை முடிந்தவர் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். சீட் பெல்ட் எப்போதும் வெளிப்பக்கத் தோளிலிருந்து இறங்கி மார்பின் குறுக்கே உள்பக்க இடுப்புக்கு வரும். இடது மார்பில் அறுவை நடந்தவரை இடது சீட்டில் உட்காரவைத்தால், தோள்பட்டையிலிருந்து இறங்கும் அந்தப் பட்டை நேராகத் தையல் மேலேயே படும். அவரை வலது பக்கம் உட்காரவைக்க வேண்டும். அப்போதும் குறுக்கே வரும் பட்டை உறுத்தும். அதற்குத்தான் இதய வடிவத் தலையணை. கையில் வாங்கிப் பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். மென்மையான பருத்தித் துணி, உள்ளே பஞ்சு, அவ்வளவுதான். அந்த இரண்டு மேடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம் அழகுக்கு வைத்ததில்லை. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கையை உடம்போடு ஒட்டிவைக்க முடியாது. பள்ளம் அக்குளுக்குள் பொருந்தும்படி தலையணையைச் செருகிக்கொண்டால், ஒரு மேடு முன்பக்கமும் ஒரு மேடு பின்பக்கமுமாக நின்று கையின் பாரத்தைத் தாங்கும். காரில் ஏறினால் அதையே பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். பல நாடுகளில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து இதைத் தைத்து ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

அதே தையல்காரர்கள் வடிகுழாய்ப் பை ஒன்றும் தைக்கிறார்கள். மார்பகத்தை நீக்கினால், உள்ளே ஊறும் நீர் வெளியேற ஒன்றோ இரண்டோ குழாய்களை வைத்து அனுப்புவார்கள். குழாயின் முனையில் பிளாஸ்டிக் குமிழ். தினமும் அதைத் திறந்து, அளவுக் கோப்பையில் ஊற்றி, எத்தனை மில்லி என்று எழுதிவைத்து, குமிழை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். அதுவரை அந்தக் குமிழ்களை எங்கே வைத்துக்கொள்வது? அக்கா சேஃப்டி பின் குத்தி நைட்டியில் தொங்கவிட்டிருந்தாள். குளிக்கும்போது ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு துணிப்பை இந்தப் பிரச்சினையை முடித்துவைக்கும். பல ஆஸ்பத்திரிகளின் சாதனப் பட்டியலில் அந்தப் பைக்கு இடமில்லை. குழாய் தொங்க ஒரு வாரம் வீட்டுக்குள் நடந்த யாரோ ஒருத்திக்குத்தான் இப்படி ஒரு பை வேண்டும் என்று தோன்றியிருக்கும்.

இந்த உதவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள்: "இதனால ஆயுசு கூடுமா?" நன்கொடை கொடுப்பவர்கள் அவசியம் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லா உதவியிடமும் இதையே கேட்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. இரண்டு கதைகள் சொல்கிறேன்.

ஒன்று, நியூயார்க்கின் ஹார்லெம் ஆஸ்பத்திரி. ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற அறுவை மருத்துவர் அங்கே வேலை பார்த்தார். சுற்றிலும் ஏழைகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். 1986 வரையிலான 22 ஆண்டுகளில் அங்கே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 606 பேரின் கணக்கை அவர் எடுத்துப் பார்த்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் ஸ்டேஜில்தான் வந்து சேர்ந்திருந்தார்கள். ஐந்தாண்டு உயிரோடு இருந்தவர்கள் 39 சதவீதம். அவர் கத்தியை நன்றாகத்தான் பிடித்தார். நோயாளி கத்திக்கு வந்துசேர்வதே தாமதமாக இருந்தது. மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) சந்தேகம் என்று சொன்ன பிறகும் பலர், துளி சதையை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு வரவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ரிப்போர்ட் தொலைந்துவிட்டது, எந்த வரிசையில் நிற்பதென்று தெரியவில்லை, பயம். ஒவ்வொன்றும் சில்லறைக் காரணம். சேர்ந்தால் உயிர் போகும்.

1990-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் பண உதவியோடு ஃப்ரீமன் ஒரு ஏற்பாட்டைத் தொடங்கினார். சந்தேகம் என்று முடிவு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் ஆளை ஒப்படைத்தார். அந்த ஆள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அந்தப் பகுதியை அறிந்தவர், பேசத் தெரிந்தவர். போன் செய்வார், படிவம் நிரப்புவார், வரிசையில் கூட நிற்பார், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தேடுவார். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் 'நோயாளி வழிகாட்டி' வேலையின் தொடக்கம் அதுதான். 1995 முதல் 2000 வரை அதே ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற 325 பேரில் ஐந்தாண்டு உயிர் பிழைத்தவர்கள் 70 சதவீதம். மூன்று, நான்காம் ஸ்டேஜில் வந்தவர்கள் 21 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். வழிகாட்டிகளால் மட்டும் இது நடந்துவிடவில்லை, இலவசப் பரிசோதனையும் சேர்ந்துதான். ஆனால் பரிசோதனை மட்டும் இருந்து, அடுத்த படிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை அந்தப் பழைய கணக்கே சொல்லிவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மார்பகப் புற்றுநோய்க்காக ஒரு முயற்சியைத் தொடங்கியது. அதில் மூன்று இலக்குகள்: 60 சதவீதம் பேரையாவது முதல் இரண்டு ஸ்டேஜுக்குள் கண்டுபிடிப்பது, சந்தேகம் வந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்வது, 80 சதவீதம் பேராவது சிகிச்சையை முழுதாக முடிப்பது. மூன்றாவதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. 2022-ல் உலகில் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது, 6 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். அத்தனை பெரிய கணக்குக்குள் என் பழைய காருக்கும் ஒரு மூலை இருக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இலவசமாகத் தங்க இடம் கொடுக்கும் விடுதிகளும் இதே வகைதான். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஹோப் லாட்ஜ் 1970-ல் சார்ல்ஸ்டன் நகரில் தொடங்கியது. மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ராத்திரி படுக்க இடமில்லாததால் சிகிச்சையைப் பாதியில் விடுகிறவர்களுக்கு அந்த அறைச் சாவியும் சிகிச்சைதான்.

இந்த வகை உதவியிடம் ஆயுசுக் கணக்கைத் தாராளமாகக் கேட்கலாம்.

இரண்டாவது கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் உடம்பில் பரவிவிட்ட பெண்களை வாரம் ஒரு முறை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டார். சாவைப் பற்றி, வலியைப் பற்றி, வீட்டில் சொல்ல முடியாததைப் பற்றி. 1989-ல் அவர் முடிவை வெளியிட்டார். மொத்தம் 86 பெண்கள். குழுவில் இருந்தவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், இல்லாதவர்கள் 18.9 மாதம். பெரிய பரபரப்பு. ஆதரவுக் குழுவுக்குப் போனால் ஆயுள் இரட்டிப்பாகும் என்று பேச்சு கிளம்பியது. அதன் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள்: குழுவுக்குப் போகாமல் செத்தவள், மனசைத் திறக்காமல் செத்தவள், தன் சாவுக்குத் தானே காரணம் ஆகிவிடுகிறாள்.

2001-ல் கனடாவின் பமீலா குட்வின் தலைமையில் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. 235 பெண்கள், அதே மாதிரிக் குழுக்கள். இந்தத் தடவை ஆயுளில் வித்தியாசமே இல்லை: ஒரு பக்கம் 17.9 மாதம், மறு பக்கம் 17.6. ஸ்பீகலே திரும்பச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் மொத்தமாகப் பார்த்தால் ஆயுள் கூடவில்லை. ஆனால் குட்வின் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது. குழுவுக்குப் போனவர்களின் மனவேதனை குறைந்தது, வலி குறைவாகத் தெரிந்தது. அதிக வேதனையோடு வந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன்.

ஆயுள் கூடவில்லை என்ற செய்தி பலருக்கு ஏமாற்றம். எனக்கு அது பெரிய விடுதலையாகப் பட்டது. இனிமேல் ஒருத்தி குழுவில் வந்து உட்கார்ந்து அழலாம். உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக நன்றாக அழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போகப் பிடிக்காதவள் வீட்டில் இருக்கலாம், குற்றவுணர்ச்சி வேண்டாம். மிச்சம் இருக்கும் 18 மாதத்தில் வலி கொஞ்சம் குறைவது சின்ன விஷயமா? வலியில் கிடந்த ஒருவர் பக்கத்தில் ஒரு ராத்திரி இருந்தவர்களிடம் கேளுங்கள். இதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதும்போது 'எத்தனை உயிர்' என்ற கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டு, அடுத்த வரியில் தலைநிமிர்ந்து மற்றதை எழுதலாம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த வட்டத்துக்கெல்லாம் முன்னோடி ஒருத்தி உண்டு. டெரீஸ் லாசர். 1952-ல் நியூயார்க்கில் அவருக்கு மார்பக நீக்க அறுவை நடந்தது. அந்தக் காலத்து அறுவை என்றால் மார்பகத்தோடு நெஞ்சுத் தசையையும் அக்குள் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். கையைத் தூக்க முடியாது. எப்படித் தூக்கப் பழகுவது, என்ன உடுத்துவது, கணவனிடம் என்ன பேசுவது, எதையும் யாரும் சொல்லவில்லை. குணமானதும் லாசர் அடுத்த நோயாளிகளைப் பார்க்கத் தானே வார்டுக்குப் போக ஆரம்பித்தார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு, தற்காலிகமாக உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள ஒரு பஞ்சு மார்பு. பந்து அமுக்குவதற்கு, கயிறு கையை மேலே இழுத்துப் பழகுவதற்கு. டாக்டர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை; வெளியாள், அதுவும் நோயாளி, வார்டுக்குள் புகுந்து புத்தி சொல்வதா? 1953-ல் அது 'ரீச் டு ரெகவரி' என்ற அமைப்பானது. 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது, 1974-ல் ஐரோப்பாவுக்கும் போனது. இதே நோய் வந்து போன ஒருவரை இப்போது வந்தவரோடு சேர்த்துவைப்பது என்ற எண்ணம் இன்று பல நாடுகளில் பல பெயர்களில் நடக்கிறது. வயது, அறுவை வகை, சின்னக் குழந்தைகள் உண்டா என்றெல்லாம் பார்த்துப் பொருத்தம் செய்கிறார்கள். கல்யாணப் பொருத்தத்தை விடக் கவனமாகவே பார்க்கிறார்கள்.

ஆனால் என் உரைகல்லை இங்கேயும் வைக்க வேண்டும். 1978-ல் அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு மார்பகம் நீக்கப்பட்டது. அதே அமைப்பின் தன்னார்வலர் ஒருவர் பஞ்சு மார்போடு வந்தார். இதை வைத்துக்கொண்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். லார்டுக்கு அது வேண்டாம். தனக்கே தெரியுமே! வைக்காமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த நர்ஸ், அது இல்லாமல் வருவது மற்றவர்களின் மன உற்சாகத்துக்கு நல்லதில்லை என்று கண்டித்தார். நோயாளி தன் உடம்பைக் கொண்டு பிறருக்கு உற்சாகம் ஊட்ட வேண்டுமாம்! லார்டு இதைக் கோபமாக எழுதினார். அந்தக் கோபம் வீண்போகவில்லை. இன்று ஒரு நல்ல அமைப்பு மூன்று வழியையும் ஒரே குரலில் சொல்லும்: மறுசீரமைப்பு அறுவை செய்துகொள்ளலாம், செயற்கை மார்பகம் வைத்துக்கொள்ளலாம், தட்டையாகவே இருந்துவிடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் புருவம் உயராது. நூலால் பின்னிய இலகுவான செயற்கை மார்பகங்களைத் தன்னார்வலர்கள் இலவசமாக அனுப்புகிறார்கள். வேண்டியவர்கள் கேட்டால் மட்டும்.

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கு அடையாளமாகிவிட்ட பிங்க் ரிப்பனைப் பற்றி நீளமாக எழுதும் பொறுமை எனக்கில்லை. சுருக்கமாக: 1990-களின் தொடக்கத்தில் சார்லட் ஹேலி என்ற பெண்மணி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பீச் நிற ரிப்பன்களைச் செய்தார். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் ஆண்டு நிதியில் 5 சதவீதம்தான் தடுப்புக்குப் போகிறது என்று அச்சடித்த அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். ஒரு பத்திரிகையும் ஓர் அழகுசாதனக் கம்பெனியும் அதைக் கேட்டு வந்தபோது, வியாபாரம் ஆகிவிடும் என்று மறுத்துவிட்டார். நிறத்தை மாற்றினால் போதும் என்று வக்கீல்கள் வழி சொன்னார்கள். 1992-ல் பிங்க் வந்தது, அட்டையில் இருந்த கேள்வி போய்விட்டது. விழிப்புணர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விழிப்புணர்வு மாதமான அக்டோபர் முழுக்கப் புன்னகைக்கும் பெண்களின் படத்தைப் பார்த்து, நான்காம் ஸ்டேஜில் இருக்கும் ஒருவர் என் காரில், "இதுல நான் எங்க?" என்று கேட்டார். 2009-ல் தொடங்கிய மெட்டாவைவர் போன்ற அமைப்புகள், நோய் பரவியவர்களுக்கான ஆராய்ச்சிக்கே தங்கள் நன்கொடையைக் கொடுப்பது இந்தக் கேள்விக்கான பதில்தான்.

கோபப்பட்டது போதும், சந்தோஷமான ஒன்றைச் சொல்கிறேன். அக்குள் கணுக்களை எடுத்தவர்களுக்குக் கை வீங்கும் அபாயம் உண்டு, லிம்ஃபெடிமா என்பார்கள். அதனால் அந்தக் கையால் பாரம் தூக்காதே, வேகமாக வீசாதே என்று காலங்காலமாகச் சொல்லிவந்தார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், இது உண்மையா என்று பார்க்க 24 பெண்களை டிராகன் படகில் (பலர் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போடும் நீளமான சீனப் படகு) ஏற்றினார். எல்லோரும் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தவர்கள். துடுப்புப் போடுவது என்றால் தோளுக்கும் கைக்கும் கடுமையான வேலை. சீசன் முடிந்தபோது யாருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009-ல் எடைப் பயிற்சியை வைத்து 141 பெண்களிடம் நடந்த ஆய்வு, முறையாகப் படிப்படியாகத் தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்றது. மெக்கென்சியின் பெண்கள் பரிசோதனை முடிந்தும் படகை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் அப்படிப் படகுக் குழுக்கள் இருக்கின்றன, சர்வதேசப் பந்தயமே நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம்: துடுப்புப் போடுகிறவர்கள் எதிரெதிரே உட்காருவதில்லை. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துத் துடுப்புப் போட வேண்டும். வட்டமாக உட்கார்ந்து மனம் திறக்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஆதரவுக் குழு கிடையாது. காரும் அப்படித்தான். பேசுகிறவர் ஜன்னலைப் பார்க்கலாம், நான் சாலையைப் பார்ப்பேன்.

நோயைச் சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் தோட்டக்கலை அறிந்தவர். 1993-ல் மார்பகப் புற்றுநோய் திரும்பிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டாக்டர் சொன்னார். அடுத்த நோயாளி காத்திருந்தார். ஆகவே ஜன்னல் இல்லாத நடைபாதையில் ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. அறை இல்லை, நேரம் இல்லை. மேகி சொன்னதைவிட அதிக காலம் வாழ்ந்தார், 1995-ல் இறந்தார். அதற்குள் ஒரு திட்டம் வரைந்துவிட்டார்: ஆஸ்பத்திரி வளாகத்திலேயே, ஆனால் ஆஸ்பத்திரி மாதிரி இல்லாத ஒரு வீடு. 1996-ல் முதல் மேகிஸ் மையம் எடின்பரோவில் திறந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர், மேகிக்குச் சிகிச்சை கொடுத்த நர்ஸ் லாரா லீ. வரவேற்பு மேஜை கிடையாது, முன்பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. நடுவில் ஒரு பெரிய சமையலறை மேஜை. வருகிறவர் பேசலாம், பேசாமல் தேநீர் குடித்துவிட்டும் போகலாம்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஜனவரியில் சிட்னி டெஸ்ட் முழுக்க பிங்க் ஆகிவிடுவது தெரியும். ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர் கிளென் மெக்ராத்தின் மனைவி ஜேனுக்கு 31 வயதில் இந்த நோய் வந்தது, 2008-ல் 42 வயதில் இறந்தார். அவர்கள் தொடங்கிய அறக்கட்டளை அந்த டெஸ்ட்டில் திரளும் நன்கொடையில் நர்ஸ்களை வைக்கிறது. டாக்டர் சீட்டு வேண்டாம், காசு வேண்டாம், நேரே அந்த நர்ஸைக் கூப்பிடலாம். பிங்க் பணம் எங்கே போகிறது என்று கேட்டால், 'இதோ இந்த நர்ஸ்' என்று ஆளைக் காட்ட முடிகிறது பாருங்கள், அதற்கு என் வணக்கம்.

சிகிச்சை முடிந்த பிறகுதான் பலருக்கு உதவி அதிகம் தேவைப்படுகிறது என்பது வெளியே இருப்பவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். ரேடியேஷன் கடைசி நாளில் சில ஆஸ்பத்திரிகளில் மணி அடிக்கச் சொல்வார்கள். அடித்துவிட்டு வந்து என் காரில் ஏறிய ஒருவர் பாதி வழியில், "நாளையிலேருந்து என்னை யார் பார்ப்பா?" என்றார். அதுவரை தினமும் யாரோ பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். இனி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துத்தான். நோய் திரும்பாமல் இருக்கப் பலருக்கு ஹார்மோன் மாத்திரை ஐந்து வருஷம், சிலருக்குப் பத்து வருஷம். மூட்டு வலி, உடம்பில் திடீர்ச் சூடு, தூக்கமின்மை. வெளியே பார்த்தால் முடி வளர்ந்துவிட்டது, ஆகவே எல்லோருக்கும் இவர் குணமாகிவிட்டார். மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறைய. உதவி எண்ணில் உட்காரும் தோழி ஒருவர், இந்தக் கட்டத்தில் வரும் அழைப்புகள்தான் நீளமானவை என்கிறார். "இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, நல்லாதானே இருக்கேன்" என்றுதான் பலர் தொடங்குவார்களாம்.

ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது, மொத்தத்தில் அரை முதல் ஒரு சதவீதம். பிங்க் நிறத்துப் படிவத்தில் 'திருமதி' என்று அச்சிட்ட கட்டத்துக்கு முன்னால் அவர்கள் பேனாவோடு நிற்பதை நினைத்துப் பார்க்கிறேன். கணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தானிடம் அந்த வருஷம் எல்லோரும் அக்காவைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

ஒரு அமைப்பை எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சிகிச்சை பற்றி அவர்களே தீர்ப்புச் சொன்னால் விலகிவிடுங்கள். நல்ல அமைப்பு, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தரும், பதிலை எழுதித் தராது. தங்களால் எது முடியாது என்று முதல் போனிலேயே சொல்கிறார்களா பாருங்கள். தலையணையைக் கொடுத்துவிட்டு அதோடு சேர்த்து உங்களைப் படமெடுக்கக் கேட்டால், இல்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்ன பிறகும் அவர்கள் அதே அன்போடு பேசுகிறார்களா என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

உதவ நினைப்பவர்களுக்கு: "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது நல்ல மனசிலிருந்துதான் வருகிறது, ஆனால் யோசித்துச் சொல்லும் வேலையையும் நோயாளி தலையிலேயே கட்டிவிடுகிறது. "செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வந்து குழந்தையைக் கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் கொண்டுவந்து விடறேன்" என்பதற்கு ஆமாம் இல்லை என்று சொன்னால் போதும்.

எங்கள் அமைப்பில் வண்டி ஒதுக்குகிறவர் அண்மையில் ஒரு கணக்குக் காட்டினார். புதிதாகப் பெயர் கொடுத்த தன்னார்வலர்களில் பெரும்பாலோர் எழுதியிருந்தது: சனி, ஞாயிறு மட்டும். ரேடியேஷன் நடப்பது திங்கள் முதல் வெள்ளி. வார நாளில் ஒரு காலை வேளையை விட முடிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பக்கத்தில் இப்படி ஓர் அமைப்பு இருக்கிறதா என்று விசாரித்துப் போன் செய்யுங்கள். காரிலிருந்து அந்த வாசனைப் புட்டியை மட்டும் கழற்றிவிட்டுப் போங்கள்.